இருபத்தெட்டாவது கேள்வி

1943 பிப்ரவரியில், அமெரிக்காவின் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளியினரில் பதினேழு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. பெயர், பிறந்த ஊர், உறவினர், படிப்பு என்று நீண்டுகொண்டே போன அந்தப் படிவத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள் இருந்தன. அமெரிக்கப் படையில் சேர்ந்து, எங்கே அனுப்பினாலும் போரிடத் தயாரா என்று 27ஆவது கேள்வி இளைஞர்களைக் கேட்டது. அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசத்தை உறுதிசெய்து, ஜப்பானியப் பேரரசர்மீதான எந்தப் பற்றையும் துறக்கிறீர்களா என்று கேட்டது 28ஆவது கேள்வி. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

முகாம்களில் இருந்த ஏறக்குறைய 1,20,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறையினருக்கு ‘இஸ்ஸே’ என்று பெயர்; அவர்களுடைய பிள்ளைகள் ‘நிசேய்’. பேஸ்பால் ஆடி, ஆங்கிலப் பாடநூல் படித்து, வீட்டில் மிசோ சூப் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பேரரசரைப் பார்த்தறியாத அவர்களிடம், அவர்மீதுள்ள பற்றைக் கைவிடச் சொன்னது அவர்களுடைய சொந்த அரசு.

இரு பண்பாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளை எந்தப் பக்கமும் சேராமல் தத்தளிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. புலம்பெயர்ந்த பெற்றோரை இரவில் தூங்கவிடாத அச்சமும் அதுதான். இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியுமாக வாழ்வது பிள்ளையை உடைப்பதில்லை. அதிகாரம் படைத்த ஒருவர் ‘நீ இதுவா, அதுவா, ஒன்றைச் சொல்’ என்று கேட்டு, அந்த விடையை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிக்கும்போதே பிள்ளை உடைகிறது. இதைச் சோதித்துப் பார்க்க நிசேய் தலைமுறையின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு கோட்பாடுகள்

1920களின் நடுவில் சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் ராபர்ட் பார்க், பசிபிக் கடற்கரை மாநிலங்களில் இன உறவுகள் பற்றிய பெரிய கள ஆய்வு ஒன்றை வழிநடத்தினார். ஜப்பானிய, சீனக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் கதைகள் அதில் ஏராளமாகத் திரட்டப்பட்டன. 1928இல் வெளியான கட்டுரையில் அவர் ‘விளிம்பு மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். இரு பண்பாடுகள் ஒரே மனத்துக்குள் மோதிக்கொள்கின்றன. அந்த மனிதன் இரண்டிலும் முழுமையாக ஒட்டுவதில்லை. ஓயாத தவிப்பு அவனுடைய குணமாகிவிடுகிறது என்றார் பார்க். அந்த மனிதனுக்கு மற்றவர்களைவிட விரிந்த பார்வை வாய்க்கிறது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் சிக்கலின் இருப்பிடமாக அவர் காட்டியது இடையில் நிற்பவரின் மனத்தைத்தான். பின்வந்தவர்கள் அந்தத் தவிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, விரிந்த பார்வையை மறந்துவிட்டார்கள்.

இன்று நாம் ‘அடையாளம்’ என்று பேசும் பொருளை உளவியலில் நிலைநிறுத்தியவர் எரிக் எரிக்சன். 1902இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். தந்தை யாரென்று எரிக்சனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜெர்மன் யூத மருத்துவரான வளர்ப்புத் தந்தையின் வீட்டில் வளர்ந்தார். உயரமான, பொன்னிற முடிகொண்ட அந்தச் சிறுவனை யூத ஆலயத்தில் அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளியில் யூதன் என்று ஒதுக்கினார்கள். 1933இல் அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

அவருடைய சிந்தனையில் அடையாளத்துக்கு இரண்டு கால்கள் உண்டு. நேற்றும் இன்றும் நான் அதே ஆள்தான் என்று உள்ளே உணரும் தொடர்ச்சி ஒன்று. அந்தத் தொடர்ச்சியைச் சுற்றியிருப்பவர்கள் கண்டு ஏற்றுக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதும் ஆட்டம் காணும். பார்க் மனத்துக்குள் தேடிய விடையின் பாதியை எரிக்சன் வெளியே, சமூகத்தின் கையில் வைத்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்டு, கையெழுத்திட மறுத்தவர்களை நீக்கியபோது, அதை எதிர்த்து 1950இல் பெர்க்லியில் தம் பதவியைத் துறந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். உறுதிமொழி கேட்டு ஒருவரை அளக்கும் முறை என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிள்ளைகளின் பெயரில் நிலம்

1790ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் குடியேறுபவர்களில் ‘வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த வழி திறந்தது, ஆசியர்களுக்குத் திறக்கவில்லை. ஹவாயில் வாழ்ந்த தக்காவோ ஒசாவா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். இளம் வயதிலேயே அமெரிக்கா வந்து, கலிபோர்னியாவில் படித்தவர். வீட்டில் ஆங்கிலமே பேசினார். பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பினார். அவர் வெள்ளையர் அல்லர் என்று 1922இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்டின் வழக்கிலும் அதே கதி. தன்னை முழுக்க மாற்றிக்கொண்டவருக்கும் கதவு திறக்காது என்பது அன்று சட்டமாகவே இருந்தது.

அவர்களுடைய பிள்ளைகளின் நிலை வேறு. அமெரிக்க மண்ணில் பிறக்கும் எவரும் அமெரிக்கக் குடிமகன் என்று 1898இல், வோங் கிம் ஆர்க் என்ற சீன வம்சாவளி இளைஞரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எனவே பெற்றோர் காலமெல்லாம் அந்நியர். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்தே குடிமக்கள். குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தபோது, இஸ்ஸே பெற்றோர் பிள்ளைகளின் பெயரில் நிலம் எழுதத் தொடங்கினார்கள். ரிவர்சைடு நகரில் உணவகம் நடத்திய ஜூகிச்சி ஹராதா 1915இல் ஒரு வீட்டை அமெரிக்காவில் பிறந்த தன் மூன்று பிள்ளைகளின் பெயரில் வாங்கினார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், மாநில அரசு வழக்குப் போட்டது. 1918இல் பிள்ளைகளின் உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்தச் சட்டநிலை குடும்பத்துக்குள் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் ஒரு பிள்ளை வீட்டின் சொந்தக்காரர் ஆகிறது. கடைக்காரரிடம், அதிகாரியிடம், மருத்துவரிடம் பெற்றோருக்காகப் பேசுகிறது. அப்பா மதிப்புக்குரியவர், ஆனால் சட்டத்தின் முன் அவருக்கு மதிப்பில்லை என்பதை அது சீக்கிரமே தெரிந்துகொள்கிறது. இரு பண்பாட்டுக்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்குச் சுமை உண்டு என்றால் முதல் சுமை இதுதான். ஜப்பானியப் பழக்கத்துக்கும் அமெரிக்கப் பழக்கத்துக்கும் நடந்த மோதலிலிருந்து அது வரவில்லை. ஒரே வீட்டில் வாழ்பவர்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்ததிலிருந்து வந்தது.

அன்றாட வாழ்வில் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். பொதுப்பள்ளி முடிந்ததும் ஜப்பானிய மொழிப் பள்ளி. புத்தாண்டுக்கு அரிசி இடித்து மோச்சி. கோடையில் பேஸ்பால் போட்டி. பௌத்தக் கோயில்கள் தேவாலயங்களைப் போல வரிசை இருக்கைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் அமைத்துக்கொண்டன. சியாட்டிலில் தந்தை நடத்திய தங்கும் விடுதியில் வளர்ந்த மோனிகா சோனே, 1953இல் ‘நிசேய் டாட்டர்’ என்ற தன்வரலாற்றில் இதை விரிவாக எழுதினார். பகல் பள்ளியில் கூச்சலிட்டு ஓடும் சிறுமி, மாலைப் பள்ளியில் குனிந்து வணங்கி அடக்கமாக அமர்கிறாள். அந்த மாற்றம் அவளுக்கு அலுப்புத் தருகிறது. ஆனால் அவளைச் சிதைக்கவில்லை. வாடகைக்குக் கடற்கரை வீடு கேட்டுப் போகும் குடும்பத்துக்கு, ஜப்பானியர் என்பதாலேயே கதவு அடைக்கப்படும்போது விழும் அடி வேறு வகையானது.

வீட்டுக்குள் சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. யாரோடு பழகலாம், தரகர் பார்த்த வரனை ஏற்கலாமா, மூத்தவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசலாமா என்றெல்லாம் நிசேய் வீடுகளில் கடுமையான வாக்குவாதங்கள் நடந்தன. அவை சங்கடங்கள்; சில நேரம் பெருந்துயரங்கள். ஆனால் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவும், தள்ளிப்போடவும், ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் அங்கே இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் பின்னால் வந்த படிவம் பறித்தது.

பாலமாக வளர்க்கப்பட்டவர்கள்

1920களிலும் 1930களிலும் நிசேய் இளைஞர்களுக்கு ஒரு கடமை சொல்லிக்கொடுக்கப்பட்டது. ‘நீங்கள் பசிபிக் கடலின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம்.’ சமூகத் தலைவர்களும் பத்திரிகைகளும் இதை ஓயாமல் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஜப்பானியப் பத்திரிகை ஒன்று, நிசேய் இளைஞர்களை ஜப்பானுக்குச் சுற்றுப்பயணம் அழைத்துச் சென்றது. வசதியும் தேவையும் சேர்ந்தபோது சில பெற்றோர் பிள்ளைகளை ஜப்பானில் தாத்தா பாட்டியிடம் அனுப்பிப் படிக்கவைத்தார்கள். படித்துத் திரும்பிய அவர்களை ‘கிபேய்’ என்றார்கள். ஜப்பானில் அமெரிக்கப் பிள்ளை என்று பார்க்கப்பட்டவர்கள், அமெரிக்காவில் சொந்தத் தம்பி தங்கைகளுக்கே அந்நியமாகத் தெரிந்தார்கள்.

பாலம் என்ற எண்ணம் அன்போடு சொல்லப்பட்டதுதான். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருந்தது. தான் பயன்படுவதை நிரூபித்தால்தான் தன் இருப்புக்கு மதிப்பு என்று அது பிள்ளைக்குக் கற்பித்தது. பட்டம் பெற்ற நிசேய் இளைஞர்களுக்கு வெளியே வேலை கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் பழக்கடைகளில் பட்டதாரிகள் நின்றார்கள். 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது; 1937இல் சீனாவோடு முழுப் போர் மூண்டது. இரு கரைகளும் பகையானதும் பாலத்தைக் கேட்பாரில்லை. வரலாற்றாசிரியர் எய்ச்சிரோ அசுமா இந்தக் காலத்தைப் பற்றிய தன் நூலுக்கு ‘இரு பேரரசுகளுக்கு இடையே’ என்ற பொருளில் தலைப்பிட்டார். இரு பண்பாடுகளும் இரு பேரரசுகளும் ஒன்றல்ல என்பதை அந்த நூலைப் படிப்பவர் உணர்வார். பண்பாடுகள் ஒரே வீட்டில் கலந்து வாழும். பேரரசுகள் தமக்கென்று முழு ஆளைக் கேட்கும்.

மதிப்பெண் போடப்பட்ட பண்பாடு

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் தூக்கிக்கொண்டு போக முடிந்ததை மட்டுமே எடுத்துச்செல்லலாம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை.

ஓராண்டு கழித்து வந்த படிவத்தில் கடைசி இரு கேள்விகள் மட்டும் ஆபத்தானவை அல்ல. ஜப்பானிய மொழி எவ்வளவு தெரியும், என்ன மதம், என்ன விளையாட்டு, எந்தப் பத்திரிகை வாசிக்கிறீர்கள், ஜப்பானில் உறவினர் யார், அங்கே படித்தீர்களா என்றெல்லாம் அது கேட்டது. சட்ட வரலாற்றாசிரியர் எரிக் முல்லர் ஆவணங்களைத் துருவிக் காட்டியபடி, அதிகாரிகள் இந்த விடைகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கிறித்தவராக இருந்தால் கூடும். பௌத்தராக இருந்தால் குறையும். ஜப்பானில் படித்தது குறைக்கும். ஒரு பிள்ளையின் மாலைப் பள்ளி, தாத்தாவுக்கு எழுதிய கடிதம், தற்காப்புக் கலை வகுப்பு எல்லாம் துரோகத்தின் தடயங்களாக மறுபெயர் பெற்றன. அதுவரை ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக இருந்தவை, அந்தத் தாளில் கூட்டல் கழித்தல் கணக்காகப் பிரிந்தன.

28ஆவது கேள்வி முதலில் எழுதப்பட்ட விதத்தில், இஸ்ஸே பெற்றோர் ‘ஆம்’ என்றால் இருந்த ஒரே குடியுரிமையையும் இழந்து எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் போவார்கள். பிறகு அவர்களுக்காகக் கேள்வி திருத்தப்பட்டது. நிசேய் இளைஞர்களுக்கு அது வேறு பொறி. பேரரசர்மீதான பற்றைத் துறக்கிறேன் என்றால், இதுவரை பற்று இருந்ததாக ஒப்புக்கொள்வது ஆகாதா? ‘இல்லை’ என்றால் துரோகி ஆவேனா? அண்ணன் ஒரு விடையும் தம்பி வேறு விடையும் எழுதினால் குடும்பம் பிரிக்கப்படுமா? முகாம் குடில்களில் இரவெல்லாம் இந்தப் பேச்சுதான்.

படிவத்தை நிரப்பிய ஏறக்குறைய 75,000 பேரில் 65,000க்கும் மேற்பட்டோர் 28ஆவது கேள்விக்கு ‘ஆம்’ என்றார்கள். சுமார் 6,700 பேர் ‘இல்லை’ என்றார்கள். ஏறக்குறைய 2,000 பேர் நிபந்தனையோடு விடையளித்தார்கள். முகாமுக்கு முகாம் கணக்கு மாறியது. மன்சனாரில் குடியுரிமை பெற்றிருந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ‘இல்லை’ என்றார்கள். மினிடோகாவில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். இரு முகாம்களிலும் இருந்தவர்கள் ஒரே வகைப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அவர்களுடைய பண்பாட்டுக் கலவையில் இவ்வளவு வித்தியாசம் இருந்திருக்க முடியாது. முகாமை நடத்திய விதம், கேள்வியை விளக்கிய விதம், முன்பு நடந்த கலவரங்கள் ஆகியவைதான் வேறுபட்டன. விடை, கேட்கப்பட்டவரைவிடக் கேட்டவரைப் பற்றியே அதிகம் சொன்னது.

ஹவாய் காட்டும் சான்று

இந்த வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம் ஹவாயில் இருக்கிறது. அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் ஜப்பானிய வம்சாவளியினர். அதே இஸ்ஸே பெற்றோர், அதே பௌத்தக் கோயில்கள், அதே மாலைப் பள்ளிகள். சொல்லப்போனால் ஜப்பானிய வாழ்க்கை அங்கே இன்னும் அடர்த்தி. குண்டு விழுந்த பேர்ல் ஹார்பர் இருப்பதும் அங்கேதான். ஆயினும் அத்தனை பேரையும் அடைத்தால் கரும்புத் தோட்டமும் துறைமுகமும் நின்றுபோகும் என்பதால், கைதானவர்கள் சுமார் 2,000 பேர்தான். இராணுவ ஆட்சி நடந்தது, மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன, பௌத்தத் துறவிகள் பிடிக்கப்பட்டார்கள். அங்கும் வாழ்க்கை எளிதாக இல்லை. ஆனால் குடும்பங்கள் தம் வீடுகளில் இருந்தன.

1943இல் நிசேய் இளைஞர்களைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவுக்குத் தொண்டர்கள் கேட்கப்பட்டபோது, ஹவாயிலிருந்து 1,500 பேரை எதிர்பார்த்தார்கள். ஏறக்குறைய 10,000 பேர் முன்வந்தார்கள். முகாம்களிலிருந்து 3,000 பேரை எதிர்பார்த்தார்கள். சுமார் 1,200 பேரே வந்தார்கள். பூர்வீகம் ஒன்று, உணவு ஒன்று, மொழி ஒன்று. வேறுபட்டது, நாடு அவர்களை நடத்திய விதம்.

பயிற்சி முகாமில் ஹவாய் இளைஞர்களும் பெருநிலத்து இளைஞர்களும் அடித்துக்கொண்டார்கள். ஹவாய் வீரர்களை அருகிலிருந்த தடுப்பு முகாம்களுக்கு அழைத்துச் சென்று காட்டிய பிறகு சண்டை தணிந்தது. பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, பெருநிலத்து இளைஞர்கள் அங்கிருந்து படைக்கு வந்திருக்கிறார்கள் என்பதைக் கண்ட ஹவாய் வீரர்கள், அந்த நிலையில் தாங்கள் வந்திருப்போமா என்று தங்களையே கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் செனட்டரான டேனியல் இனோயே பலமுறை நினைவுகூர்ந்தார். அவர் இத்தாலிப் போர்முனையில் வலது கையை இழந்தவர்.

உருவாக்கப்பட்ட ஜப்பானியர்

‘இல்லை’ என்றவர்களும் அவர்களைப் பிரிய மறுத்த குடும்பத்தினரும் டூலி லேக் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு கட்டத்தில் அங்கே 18,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். விடியற்காலையில் எக்காளம் ஊதி உடற்பயிற்சி செய்து, ஜப்பானியப் பேரரசைப் போற்றும் இளைஞர் குழுக்கள் அங்கே தோன்றின. 1944 ஜூலையில், போர்க்காலத்திலேயே குடியுரிமையைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 5,589 பேர் தங்கள் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் டூலி லேக்கில் இருந்தவர்கள்.

அவர்கள் உள்ளூர ஜப்பானியராகவே இருந்ததன் சான்று இது என்று அன்று பலர் முடிவு கட்டினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையைத் திரும்பக் கேட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர் வெய்ன் காலின்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி, ஏறக்குறைய 5,000 பேருக்கு அதை மீட்டுத்தந்தார். முள்வேலிக்குள் அவர்கள் அணிந்துகொண்ட ஜப்பானிய அடையாளம் பெற்றோரிடமிருந்து வந்தது குறைவு. காவல் கோபுரத்திலிருந்து வந்தது அதிகம். ‘நீ அமெரிக்கன் இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால், பதினெட்டு வயது இளைஞன் ஒரு நாள் ‘ஆம், இல்லைதான்’ என்று சொல்லிவிடுவான்.

படைக்கு முன்வந்தவர்கள், குடியுரிமையைத் துறந்தவர்கள் ஆகிய இரண்டு கூட்டத்துக்கும் வெளியே நின்றவர்களும் உண்டு. ஹார்ட் மவுண்டன் முகாமில், எங்கள் உரிமையைத் திருப்பித் தாருங்கள், பிறகு படைக்கு வருகிறோம் என்று சொன்ன 63 இளைஞர்கள் 1944இல் தண்டிக்கப்பட்டார்கள். 1947இல் அதிபர் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். மதிப்பெண் கணக்கைப் பொய்யாக்கியவர்களும் உண்டு. கிபேயான கார்ல் யொனேதா, அதிகாரிகளின் கணக்குப்படி மிகவும் ஐயத்துக்குரிய வகையைச் சேர்ந்தவர். அவரோ அமெரிக்க இராணுவ உளவுப் பிரிவில் சேர்ந்து, இந்தியா, பர்மா முனையில் பணியாற்றினார். ஜப்பானில் கற்ற மொழிதான் அங்கே அவருக்குக் கருவி. போர்க்காலத்தில் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் நாச வேலையோ உளவோ செய்ததாக ஆவணப்பட்ட சான்று ஒன்றுகூட இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் பின்னர் அறிவித்தது. மதிப்பெண் கணக்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சொல்லாமல் விட்டதன் விலை

போருக்குப் பின் நிசேய்கள் வாய் திறக்கவில்லை. புறநகர்களில் குடியேறி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும் சொல்லிக்கொடுத்து, முகாமைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். ஜப்பானியத் தன்மை எதுவும் வெளியே தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று கற்றிருந்தார்கள். சியாட்டிலைச் சேர்ந்த ஜான் ஒகாடா, தானே படையில் பணியாற்றியவர், சேர மறுத்துச் சிறைக்குப் போன இளைஞனை நாயகனாக்கி ‘நோ-நோ பாய்’ நாவலை 1957இல் வெளியிட்டார். 1,500 பிரதிகள் அச்சிட்டார்கள். 1971இல் அவர் இறக்கும்வரை அவை விற்றுத் தீரவில்லை. அவருடைய சமூகமே அந்தக் கதையைக் கேட்க விரும்பவில்லை. 1976இல் இளைய ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் அதை மறுபதிப்பு செய்த பிறகுதான் வாசகர்கள் வந்தார்கள்.

மௌனத்தை உடைத்தவர்கள் மூன்றாம் தலைமுறையினர், ‘சான்சேய்’கள். முகாமே பார்க்காத, ஜப்பானிய மொழியே அறியாத இளைஞர்கள் 1969 டிசம்பரில் மன்சனாருக்கு யாத்திரை போனார்கள். எதையும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் இலேசாக வளர்வார்கள் என்று பெற்றோர் நம்பியிருந்தார்கள். பிள்ளைகளோ பெயர் தெரியாத பாரத்தோடு வளர்ந்திருந்தார்கள். 1981இல் ஆணையத்தின் பொது விசாரணைகளில், நாற்பதாண்டு பேசாதிருந்த நிசேய்கள் எழுந்து சாட்சி சொன்னார்கள், பலர் அழுதார்கள். இனத் தப்பெண்ணம், போர் வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகியவையே முகாம்களுக்குக் காரணங்கள் என்று ஆணையம் முடிவு செய்தது. 1988 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான சட்டம், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் நாட்டின் மன்னிப்பையும் 20,000 டாலர் இழப்பீட்டையும் அளித்தது. எரிக்சன் சொன்ன இரண்டாவது கால், வெளியிலிருந்து வரவேண்டிய அங்கீகாரம், நாற்பத்தைந்து ஆண்டு தாமதமாக வந்துசேர்ந்தது.

பின்வந்த ஆய்வுகள்

நிசேய்களின் அனுபவம் போர்க்கால விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. அலெஹாந்த்ரோ போர்டெஸும் ரூபன் ரும்பாட்டும் 1992இல் மயாமி, சான் டியாகோ பகுதிகளில், புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளான 5,262 பள்ளி மாணவர்களிடம் ஆய்வு தொடங்கினார்கள். மூன்றாண்டு கழித்து அதே பிள்ளைகளைத் திரும்பச் சந்தித்தார்கள். ஆங்கிலம் பெருகப் பெருக, தம்மை ‘அமெரிக்கர்’ என்பவர்கள் கூடுவார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. பெற்றோரின் நாட்டுப் பெயரால் தம்மை அழைத்துக்கொண்டவர்கள் பெருகியிருந்தார்கள்; சான் டியாகோவின் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. இடையில், 1994 நவம்பரில், ஆவணமில்லாத குடியேறிகளின் கல்வியையும் மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவைக் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றியிருந்தார்கள். ஒதுக்கப்படும்போது எதிர்வினையாக எழும் அடையாளம் என்று ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். டூலி லேக்கில் நடந்ததும் இதுவே.

உளவியலாளர் வெரோனிகா பெனெட்-மார்த்தினெஸ், இரு பண்பாட்டில் வாழ்வோர் அந்த இரண்டையும் தமக்குள் எப்படிக் காண்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். சிலர் அவற்றை ஒத்துப்போகக்கூடியவையாகக் காண்கிறார்கள். சிலர் எதிரெதிராகக் காண்கிறார்கள். எதிரெதிராகக் காண்பவர்களிடம் பாகுபாட்டை அனுபவித்ததும், சுற்றியிருப்போரோடு உறவு கசந்ததும் தூக்கலாகத் தெரிந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்துப் பார்த்தபோது, இரு பண்பாட்டிலும் காலூன்றியவர்களே மனநலத்திலும் வாழ்க்கைப் பொருத்தத்திலும் மேலாக இருந்தார்கள் என்பது தெரிந்தது. இதில் எது காரணம், எது விளைவு என்று முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டை வைத்திருப்பதே நோய் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி ஆதாரமில்லை.

நம்மிடம் உள்ள படிவங்கள்

தமிழர்கள் இந்த வரலாற்றை வெளியூர்க் கதையாகப் படிக்க முடியாது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், பரம்பரை பரம்பரையாக மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பிறந்த பிள்ளைகள், அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று ஒதுக்கப்பட்டார்கள். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்த பிறகு ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்பட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கை ஒன்றுதான், பேசும் தமிழும் ஒன்றுதான். அவர்களைப் பிளந்தது விண்ணப்பப் படிவம்.

இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். அரசு அவர்களிடம் 28ஆவது கேள்வியைக் கேட்பதில்லை. வேறு குரல்கள் கேட்கின்றன. வகுப்பில், ‘உண்மையில் நீ எந்த ஊர்?’ விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், மாமாவும் பெரியம்மாவும், ‘தமிழ் ஒழுங்காப் பேச வராதா? வெள்ளைக்காரப் பிள்ளையா ஆயிட்டியா?’ அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் அதுவும் மதிப்பெண் போடுகிறது. பரதநாட்டியம் கற்றால் கூடும். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் குறையும். மொழியைக் கொடுப்பது பெற்றோரின் கடமை. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கொடுக்கும் மொழியைத் தேர்வாக்கி, தோற்றால் ‘நீ எங்களவன் இல்லை’ என்பதுதான் தவறு. அந்தச் சொல்லுக்குப் பயந்து தமிழைப் பேசுவதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

நிசேய்களின் வரலாற்றிலிருந்து பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. குடும்பத்துக்கு நேர்ந்ததை, வலித்தாலும், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் காத்த மௌனம் சான்சேய்களைக் காக்கவில்லை. பிள்ளையை இரு நாட்டுக்கும் பாலமாக, குலத்தின் தூதுவராக நியமிக்கக் கூடாது. பயன் கருதாமல் அது இருக்கலாம் என்று காட்ட வேண்டும். பதினைந்து வயதில் சொன்ன விடை இருபத்தைந்தில் மாறினால் அதைத் துரோகமாகப் பார்க்கக் கூடாது. வெளியே பாகுபாடு நடக்கும்போது, ‘நீ இன்னும் கெட்டிக்காரனாக இரு’ என்று பிள்ளையைத் திருத்தப் பார்க்காமல், பாகுபாட்டைத் தட்டிக் கேட்க வேண்டும். ஒசாவா தன்னை எவ்வளவோ திருத்திக்கொண்டும் கதவு திறக்கவில்லை.

குடியுரிமையை வம்சத்தோடும் மதத்தோடும் முடிச்சுப்போடும் சட்டங்கள் இன்றும் உலகின் பல நாடுகளில் எழுதப்படுகின்றன. அவற்றை ஆதரிப்போர் நாட்டின் ஒற்றுமைக்காக என்கிறார்கள். 1943இலும் அதுவே சொல்லப்பட்டது. குடிமக்களை அடைக்காமல் வீட்டில் விட்ட ஹவாயிலிருந்து ஏறக்குறைய 10,000 இளைஞர்கள் முன்வந்தார்கள். நம்பாமல் அடைத்த முகாம்களில் 5,000க்கும் மேற்பட்டோர் நாட்டையே துறந்தார்கள். குடும்பமும் பள்ளியும் அரசும் இரு பண்பாட்டுப் பிள்ளைகளிடம் பற்றை எதிர்பார்க்கலாம். முதலில் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.